வராதவர் கொப்பி

எங்கள் வகுப்புக்குப் பிரியாவிடை நடக்கவில்லை. 2020 ஒக்டோபர் முதல் வாரத்தில் நடத்துவதென்று தீர்மானித்து, தரம் 12 மாணவர்கள் மண்டபத்தைச் சோடிக்க நிறத்தாளும் வாங்கி வைத்திருந்தார்கள். 4ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை மேல் மாகாணத்து மினுவாங்கொடையில் கொரோனாத் தொற்று கண்டறியப்பட்ட செய்தி வந்தது. மறுநாளே பாடசாலைகள் மூடப்பட்டன. 12ஆம் திகதி முகக்கவசத்துடன் க.பொ.த உயர்தரப் பரீட்சைக்குப் போனோம். பாடங்கள் வேறுபட்டிருந்தபடியால் கடைசி வினாத்தாள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளில் முடிந்தது. எழுதி முடித்தவர்கள் கூட்டமாக நிற்கக்கூடாது என்று வாசலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் எட்டு வருடங்களுக்கு மேல் ஒன்றாக இருந்த நாங்கள், யார் யாரைக் கடைசியாக எந்த நாளில் பார்த்தோம் என்று இன்று சொல்ல முடியாதபடி, ஒருவர் ஒருவராக வெளியேறினோம்.

ஓராண்டு கழித்து, 2021 நவம்பரில், விடுகைப் பத்திரமும் நற்சான்றிதழும் வாங்குவதற்காகப் பாடசாலைக்குப் போனபோதுதான் எங்களில் பதினொரு பேர் ஓரிடத்தில் சேர்ந்தோம். அலுவலகத்தில் வேலை முடிய நேரமாகும் என்றார்கள். வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். அப்போது முனைக்காட்டிலிருந்து வந்த தோழி தன் தம்பியின் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்த பிஸ்கட் பெட்டியை இறக்கி எங்கள் நடுவில் வைத்தாள். உள்ளே பதினேழு சீ.ஆர். கொப்பிகள், அதாவது தடித்த மட்டை போட்ட பெரிய குறிப்பேடுகள், இருந்தன. அவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். எங்கள் வகுப்பின் கதை அவற்றில் இருக்கிறது, வேறெங்கும் எழுதப்படவில்லை.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையில் நீண்டு கிடக்கும் நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே, வயலும் குளமும் காடுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. எங்கள் பாடசாலை எழுவான்கரையில், ஆரையம்பதிக்குத் தெற்கே இருக்கிறது. 2012 ஜனவரியில் தரம் 6இல் சேர்ந்தபோது நாங்கள் நாற்பத்தொரு பேர். புலமைப்பரிசில் பரீட்சை எழுதிவிட்டு ஐந்தாறு ஆரம்பப் பாடசாலைகளிலிருந்து வந்திருந்தோம். அவர்களில் பதின்மூன்று பேர் படுவான்கரைப் பிள்ளைகள். மகிழடித்தீவு, முனைக்காடு, கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து மண்முனைத் துறைக்கு வந்து, பாதையேறி இக்கரைக்கு வருவார்கள். வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்: எங்கள் பகுதியில் 'பாதை' என்றால் வீதியல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் இரும்புத் தட்டு. சைக்கிள், மோட்டார் சைக்கிள், நெல்மூடை, மீன்பெட்டி, பால் கான், வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் எல்லாரும் அந்த ஒரே தட்டில் நிற்பார்கள். மாரிகாலத்தில் வாவியில் காற்று எழும்பினால் பாதை விடமாட்டார்கள். அன்றைக்குப் பதின்மூன்று கதிரைகள் ஒருசேர வெறுமையாகிவிடும்.

முதல் தவணையிலேயே இது நாலைந்து தடவை நடந்தது. கணித பாடத்தில் பின்னங்கள் போய்க்கொண்டிருந்தன. அக்கரைப் பிள்ளைகள் திரும்பி வரும் நாளில் பாடம் இரண்டு படி மேலே ஏறியிருக்கும். எங்கள் வகுப்பாசிரியை இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடும்போது, வராதவர்களின் பெயருக்கு எதிரே சிவப்பால் சுழியம் போடுவார். ஒருநாள் பதின்மூன்று சுழியங்களைப் போட்டு முடித்தபின் பேனையை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அரை அங்குலத் தடிப்பில் ஒரு சீ.ஆர். கொப்பி கொண்டுவந்தார். அதன் முகப்பில் 'இன்று வராதவருக்காக' என்று கறுப்பு மையால் எழுதியிருந்தார். இடாப்பு வரிசைப்படி ஒரு நாளைக்கு ஒருவர், அன்று நடந்த எல்லாப் பாடங்களையும் அதில் எழுத வேண்டும். பக்கத்தின் தலையில் திகதியும் வராதவர் பெயர்களும். அடியில் 'எழுதியவர்' என்று ஒரு கையொப்பம், 'வாசித்தவர்' என்று வராதவர் எத்தனை பேரோ அத்தனை கையொப்பம். திரும்பி வந்தவர் வாசித்து, தன் கொப்பியில் எழுதிக்கொண்டு, விளங்காததை எழுதியவரிடம் கேட்டு, அதற்குப் பிறகே ஒப்பமிட வேண்டும்.

முதல் நாள் எழுதும் முறை இடாப்பில் முதற்பெயரான எனக்கு வந்தது. "கரும்பலகையில இருக்கிறத மட்டும் எழுதினாக் காணுமா டீச்சர்?" என்று கேட்டேன். "காணாது மகன். வராத ஆள் வந்து கேக்கக்குள்ள நீ வாயால சொல்ல வேண்டிய எல்லாத்தையும் இதில எழுது. கேக்கிறதுக்கு ஒண்டும் மிச்சம் இருக்கப்படாது" என்றார். பதினொரு வயதில் அது பெரிய பாரமாகத் தெரிந்தது. அன்றிரவு வீட்டில் விளக்கடியில் இருந்து எழுதியதைப் பார்த்து அம்மா, வாத்தியார் வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டார்.

அந்த முதற்கொப்பி இப்போது என் முன்னால் இல்லை. மரத்தடியில் அதைப் பிரித்த அரைமணி நேரத்தில் பார்த்ததைத்தான் சொல்கிறேன். மூன்றாம் பக்கத்தில் தேநீர்க் கறை வட்டமாக இருந்தது. ஏழாம் பக்கத்தில் ஒருவன் விஞ்ஞானப் பாடத்துக்குத் தவளையின் படம் வரைந்து, கால் சரியாக வராமல் நாலுதரம் அழித்ததில் தாள் கிழிந்து, பின்னால் பச்சைத்தாள் ஒட்டியிருந்தது. ஆங்கிலப் பாடத்தின் சொற்களுக்குப் பக்கத்தில் எங்களில் யாரோ உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைத்திருந்தார்கள். ஆசிரியை அதைத் தடுக்கவில்லை. மாதம் செல்லச் செல்ல எழுத்துகள் நேராகின்றன. 'இந்த இடம் எனக்கும் விளங்கவில்லை, நீ வந்ததும் இருவரும் போய்க் கேட்போம்' என்று ஒரு பக்கத்தில் கணிதத்துக்குக் கீழே எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் கையொப்பத்தைப் பார்த்தோம். அவன் பிற்பாடு கணிதப் பிரிவுக்குப் போய் இப்போது பொறியியல் படிக்கிறான்.

இந்தக் கொப்பியால்தான் நாங்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டோம் என்று நினைக்கிறேன். தரம் 7இல் தமிழ்ப் பாடத்துக்கு 'எனது முதற் பாடசாலை நாள்' என்று கட்டுரை தந்தார்கள். நாங்கள் தரம் ஒன்றில் சேர்ந்தது 2007இல். அந்த வருடம் மார்ச்சில் படுவான்கரையில் சண்டை மூண்டு, சனங்கள் ஊரூராக எழும்பி வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தார்கள். எழுவான்கரைப் பிள்ளைகளான எங்கள் கட்டுரைகளில் புதுச்சப்பாத்தும், அழுததும், ஆசிரியை தந்த இனிப்பும் இருந்தன. அக்கரையிலிருந்து வந்தவர்களில் ஒன்பது பேர் தறப்பாள் கூடாரத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். நிலத்தில் பாய் விரித்து, ஒரு பலகையை மரத்தில் சாய்த்து 'அ' எழுதிப் படித்த கூடாரம். வெயில் ஏறினால் உள்ளே இருக்க முடியாமல் மரநிழலுக்குப் போன கூடாரம். ஒன்பது கட்டுரைகளையும் கேட்ட பிறகே, அவற்றில் நாலு ஒரே கூடாரத்தைப் பற்றியவை என்பது அந்த நாலு பேருக்கே தெரியவந்தது. ஆறு வயதில் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். பெயர் தெரியாமற் பிரிந்திருக்கிறார்கள். அந்தக் கூடாரம் எங்கள் ஊர் விளையாட்டு மைதானத்தில்தான் இருந்தது. நான் அதன் வேலியோரமாகத்தான் என் புதுச்சப்பாத்துடன் நடந்து போயிருக்கிறேன். அன்று வராதிருந்த ஒருத்திக்காக அந்தக் கட்டுரைகளின் சுருக்கத்தைக் கொப்பியில் எழுத வேண்டிய முறை எனக்கு வந்தது. எதையும் சுருக்க முடியவில்லை. ஒன்பதையும் வாங்கி முழுதாக எழுதினேன். பதினான்கு பக்கம் வந்தது.

2014 ஏப்ரலில், நாங்கள் தரம் 8இல் இருக்கும்போது, மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. ஜப்பானிய உதவியுடன் கட்டிய, 200 மீற்றருக்கு மேல் நீளமான பாலம். வாவியின் இருகரையும் சேர்ந்த அந்த நாட்களில் அக்கரைத் தோழர்கள் பாடசாலைக்கு முக்கால் மணி நேரம் முந்தி வந்து நின்றார்கள். முன்பு பாதைக்காகக் காத்திருந்த நேரம் அது. இனிக் கொப்பி தேவையில்லை என்று வகுப்பில் ஒருவர் சொன்னார். வகுப்பாசிரியையும் அந்த ஆண்டு வேறு பாடசாலைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். நடத்து என்று கட்டாயப்படுத்த ஆளில்லை. ஆனாலும் நின்றுபோகவில்லை. பாதை நின்றுபோன நாட்களைத் தவிர வேறு காரணங்களும் இருக்கின்றன என்பது அதற்குள் எங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வருட இறுதியில் வெள்ளம் வந்தது. காய்ச்சல், மரணவீடு, தாய் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் தம்பி தங்கைக்கு வருத்தம் என்றால் மூத்தபிள்ளை நிற்க வேண்டிய கட்டாயம், இவையெல்லாம் எந்தப் பாலத்தாலும் தீர்பவையல்ல.

மகிழடித்தீவிலிருந்து வந்த என் நண்பனுக்கு இன்னொரு காரணம் இருந்தது. அவனுடைய தகப்பனுக்கு உள்ளே மலையடிவாரப் பக்கம் வயல். பெரும்போக நெல் குடலை தள்ளும் காலத்தில் யானை இறங்கும். மரத்தில் கட்டிய பரணில் இரவெல்லாம் தகப்பனும் மகனும் மாறி மாறிக் காவல் இருப்பார்கள். வெடி கொளுத்திப் போட வேண்டும், தீ அணையாமல் பார்க்க வேண்டும். விடிந்து வீட்டுக்கு வந்தால் பாடசாலைக்கு வர உடம்பு இடம் கொடாது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் கொப்பியின் தலைப்பில் அவன் பெயர்தான் கூடுதலாக இருக்கும். அவனும் தன் முறை வரும்போது மற்றெவரையும்விட அழகாக எழுதுவான். தலைப்புகளுக்கு அடிமட்டம் வைத்து இரட்டைக்கோடு கீறுவான். பாடத்தை எழுதி முடித்துக் கடைசியில், வகுப்பில் அன்று நடந்தவற்றையும் நாலு வரியில் எழுதும் வழக்கத்தைத் தொடக்கியவன் அவன்தான்: யாருக்கு அடி விழுந்தது, இடைவேளையில் எல்லே விளையாட்டில் யார் வென்றது, புவியியல் சேர் புதுச்சட்டை போட்டு வந்தது. பாடம் மட்டும் கிடைத்தால் போதாது, அன்றைய நாளும் வேண்டும் என்று அவன் கேட்டான். அதன்பிறகு எல்லாரும் அப்படியே எழுதினோம்.

2016இல், தரம் 10இன் இரண்டாம் தவணையில், அவனுடைய தகப்பன் பாரிசவாதத்தில் விழுந்தார். அவன் ஒரு கிழமை வரவில்லை, இரு கிழமை வரவில்லை. கொப்பியில் அவன் பெயர் எழுதப்பட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாம் கிழமை நாங்கள் ஐந்து பேர் சைக்கிளில் பாலத்தைக் கடந்து அவன் வீட்டுக்குப் போனோம். அவன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று தாய் சொன்னார். எங்களுக்கு அவித்த கச்சான் தந்தார். தகப்பன் திண்ணையில் படுத்தபடி எங்களைப் பார்த்துக் கையைத் தூக்க முயன்றார். திரும்பி வந்த பிறகும் அந்தத் தவணை முடியும்வரை எழுதுபவர் எவரோ அவர் பக்கத்தின் தலையில் அவன் பெயரை எழுதினார். யாரும் பேசி எடுத்த முடிவல்ல. மூன்றாம் தவணையில் இடாப்பிலிருந்து பெயர் வெட்டப்பட்ட பிறகே நின்றது. அந்தப் பக்கங்களில், 'வாசித்தவர்' என்ற இடத்தில் மற்றவர்களின் கையொப்பங்கள் இருக்கின்றன. அவனுடைய கோடு மட்டும் வெறுமையாக இருக்கிறது. எண்ணினோம். நாற்பத்துமூன்று பக்கங்கள்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிய 2017, டெங்குக் காய்ச்சலின் ஆண்டு. நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் அதனால் பீடிக்கப்பட்டார்கள். எங்கள் வகுப்பிலும் தவணைக்கு ஏழெட்டுப் பேர் படுத்தெழும்பினார்கள். அந்த ஆண்டுக்கு மட்டும் மூன்று கொப்பிகள். பெறுபேறு வந்தபின் விஞ்ஞான, கணிதப் பிரிவுகளுக்குத் தெரிவானவர்கள் நகரத்துப் பாடசாலைகளுக்குப் போனார்கள். சிலர் தொழிற்பயிற்சிக்குப் போனார்கள். கலைப்பிரிவில் பத்தொன்பது பேர் மிஞ்சினோம்.

உயர்தரம் என்பது வேறு உலகம். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் மக்கள்தொகைக்கேற்பவும், மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பங்கிடப்படுகிறது. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறில் அடங்கும். எங்களைப் போன்ற இடங்களுக்கு இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் கதவு திறந்திராது. அதை நான் முழுமனதாகச் சொல்வேன். ஆனால் அதே ஏற்பாட்டின்படி, ஒரே மாவட்டத்தில் ஒரே பாடங்களைக் கற்கும் பத்தொன்பது பேரும் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். பக்கத்தில் இருப்பவரின் இசட் புள்ளி (பாடப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணிக்கும் அனுமதிப் புள்ளி) என்னுடையதை ஒரு தசமத்தால் தாண்டினால் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நான் நிற்கக்கூடும். டியூசன் வகுப்புகளில் பிள்ளைகள் குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதுவதை அப்போதுதான் பார்த்தோம். அப்படியொரு காலத்தில், அன்று வராத போட்டியாளருக்காக அன்றைய பாடத்தை ஒன்றும் விடாமல் எழுதுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்த விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

2018 ஒக்டோபரில் ஒருநாள் முனைக்காட்டுத் தோழி வரவில்லை. அளவையியலில் அவளும் நானும்தான் முன்னும் பின்னுமாக இருந்தோம். முதல் தவணையில் அவள் என்னை ஆறு புள்ளியால் முந்தியிருந்தாள். அன்று சேர் நீண்ட பெறுகை ஒன்றைச் செய்துகாட்டினார். பெறுகையில் ஒவ்வொரு வரியும் அதற்கு முந்திய வரிகளிலிருந்து ஒரு விதியின்படி வர வேண்டும்; பதினெட்டு வரி. எழுதும் முறை என்னுடையது. பதினோராம் வரிவரை எழுதிவிட்டு, அடுத்த மூன்று வரிகளை விட்டு, பதினைந்தாம் வரியைப் பன்னிரண்டாவதாக எழுதினேன். தவறுதலாக நடக்கவில்லை. எழுதும்போது என் கை என்ன செய்கிறதென்று எனக்குத் தெரிந்திருந்தது. அவள் இரண்டு நாள் கழித்து வந்து வாசித்தாள். கேட்க எதுவும் இல்லாதவள்போல் கையொப்பமிட்டாள். மறுபடி என் முறை வந்து கொப்பியைத் திறந்தபோது, விடுபட்ட இடத்துக்கு நேராக ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறிய கேள்விக்குறி இருந்தது. அதற்குக் கீழே, அதே பென்சிலால், விடுபட்ட மூன்று வரிகளும் சரியாக எழுதப்பட்டிருந்தன. தானே யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறாள். அது எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, வேப்பமரத்தடியில், அந்தப் பக்கத்தை நானே திறந்து அவளிடம் காட்டி, வேண்டுமென்றே விட்டேன் என்று சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும். மறுகா நீ ஒருநாளும் விடயில்லதானே" என்றாள். அதற்குமேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு நகரில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த சிறுவர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். இரண்டாம் தவணை தள்ளிப்போய் மே 6ஆம் திகதி தொடங்கியது. வாசலில் பெற்றோர் நின்று பைகளைத் திறந்து பார்த்தார்கள். எங்கள் பத்தொன்பது பேரில் ஆறு பேர்தான் அன்று வந்தோம். எங்கள் புவியியல் ஆசிரியர் முஸ்லிம் ஊரான காத்தான்குடியைச் சேர்ந்தவர்; குண்டுத்தாக்குதல்களை முன்னின்று நடத்தியவனும் அதே ஊர். அவர் வருவாரா என்று நாங்களும், பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்களோ என்று அவரும் எண்ணியிருக்கக்கூடிய காலை அது. இரண்டாம் பாடவேளைக்கு மணியடித்ததும் வழமைபோல வெண்கட்டிப் பெட்டியுடன் உள்ளே வந்தார். நாங்கள் எழுந்து வணக்கம் சொன்னோம். இருக்கச் சொல்லிவிட்டுச் சிறிதுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு, "எதில விட்டம்? அந்தக் கொப்பியக் கொண்டு வாங்க மகன்" என்றார். கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் பார்த்து, நீரியல் வட்டத்தில் விட்ட இடத்திலிருந்து ஆறு பேருக்கும் முழுப்பாடத்தையும் நடத்தினார். முடிந்ததும் புதுப்பக்கத்தைத் திருப்பி, வராத பதின்மூன்று பேரின் பெயர்களையும் இடாப்பைப் பார்க்காமல் தன் கையால் எழுதி, "பாடத்த நீங்க எழுதுங்க" என்று என்னிடம் தந்தார். பதினேழு கொப்பிகளிலும் ஓர் ஆசிரியரின் கையெழுத்து இருக்கும் ஒரே பக்கம் அதுதான்.

ஊரடங்குக் காலத்தில் கடைசிக் கொப்பி முனைக்காட்டுத் தோழியிடம் இருந்ததற்குக் காரணம் எளியது. 2020 மார்ச் 12, வியாழக்கிழமை, எழுதும் முறை அவளுடையது. வீட்டில் எழுதுவதற்காகக் கொண்டு போனாள். அன்று மாலையே மறுநாளிலிருந்து பாடசாலைகள் மூடப்படும் என்ற அறிவித்தல் வந்தது; அடுத்த கிழமை ஊரடங்கு. எங்களில் ஏழு வீடுகளில்தான் ஸ்மார்ட் தொலைபேசி இருந்தது. ஆசிரியர்கள் வட்ஸ்அப் குழுவில் குரற்பதிவும் குறிப்புகளும் அனுப்பினார்கள். படுவான்கரையின் உட்பகுதிகளில் அதுவும் எடுபடவில்லை. அவள் வீட்டில் தொலைபேசி அண்ணனுடையது. அவர் வயலுக்குப் போகும்முன் விடியலில் ஒரு மணிநேரம் அவளுக்குக் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் குரற்பதிவுகளைக் கேட்டு, பகலில் அவற்றைக் கொப்பியில் எழுதினாள். ஏப்ரல் கடைசியில் எங்கள் மாவட்டத்தில் பகல்நேர ஊரடங்கு தளர்ந்ததும், எழுதியவற்றைக் கொக்கட்டிச்சோலையில் போட்டோக் கொப்பி எடுத்து, பாலத்தடிக் கடையில் கொடுத்து வைத்தாள். இக்கரையில் நானும் இன்னும் இருவரும் சைக்கிளில் போய் எடுத்து, தொலைபேசி இல்லாத வீடுகளுக்குக் கொண்டு போனோம். வேலிக்கு வெளியே நின்று கூப்பிடுவோம். உள்ளிருந்து வருபவர் தாளை வாங்கிக்கொண்டு, முந்திய தாளில் விளங்காதவற்றை ஒரு துண்டில் எழுதித் தருவார்.

அந்த மாதங்களின் பக்கங்களை மரத்தடியில் எல்லாரும் குனிந்து பார்த்தோம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், வராதவர் என்ற இடத்தில், இடாப்பு வரிசையில் பத்தொன்பது பெயர்கள். தன் பெயரையும் சேர்த்தே எழுதியிருந்தாள். 'எல்லோரும்' என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாமே என்று ஒருவன் கேட்டான். பெயர் எழுதாவிட்டால் யாருக்காக எழுதுகிறோம் என்று தெரியாது என்றாள். பாடங்களுக்குப் பிறகு, மகிழடித்தீவு நண்பன் தொடக்கி வைத்த அந்த நாலு வரிகளும் இருந்தன. வகுப்பு நடக்கவில்லை, ஆகவே தன் வளவில் நடந்தவற்றை எழுதியிருந்தாள்: நாவல் பழுத்தது, பசு கன்று போட்டது, அப்பாவுக்கு உரம் கிடைக்காதது, வாவிப்பக்கம் ஆள் நடமாட்டமே இல்லாமல் கொக்குகள் கரைவரை வந்து நின்றது. ஜூலை 6ஆம் திகதி தரம் 13க்குப் பாடசாலை திறந்தபோது அந்தக் கொப்பியை மேசைமேல் வைத்தாள். பதினெட்டுப் பேரும் இடைவேளைகளில் வரிசையாக நின்று, மூன்றரை மாதப் பக்கங்களிலும் ஒவ்வொன்றாகக் கையொப்பமிட்டோம். முடிக்க இரண்டு நாள் எடுத்தது.

எங்களில் ஏழு பேருக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு நால்வர், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு இருவர், யாழ்ப்பாணத்துக்கு ஒருத்தி. மூவர் தாழங்குடாவில் கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சிக்குப் போனார்கள். முனைக்காட்டுத் தோழி அவர்களில் ஒருத்தி. வெட்டுப்புள்ளிக்குச் சற்றே கீழே நின்றாள். நான் மேலே நின்றேன். அந்த வித்தியாசம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மனம் வரவில்லை. மற்றவர்கள் கடைகளிலும் தையல் ஆலைகளிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள்.

அன்று கொப்பிகளை என்ன செய்வது என்று பேசினோம். பாடசாலை நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்றார்கள் சிலர். ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்வோம், வராதவர்களுக்கும் சேர்த்து எடுத்துவைப்போம் என்று முடிவாயிற்று. துண்டு போட்டு எடுத்ததில் எனக்கு 2016 இரண்டாம் தவணைக் கொப்பி வந்தது. நாற்பத்துமூன்று வெறுங்கோடுகள் இருப்பது அதில்தான்.

மகிழடித்தீவு நண்பன் இப்போது கட்டாரில் ஒரு சமையற்கூடத்தில் வேலை செய்கிறான். போன மாதம் வெள்ளிக்கிழமை ஒன்றில் காணொளி அழைப்பில் வந்தான். பேச்சின் நடுவில் கொப்பியைப் பற்றிச் சொன்னேன். தன் பெயரைக் காட்டச் சொன்னான். முதற்பக்கத்தைக் கமெராவுக்கு நேரே பிடித்தேன். சிறிதுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்டைக்கு என்ன பாடம்?" என்று கேட்டான். கணிதம், இருபடிச் சமன்பாடுகளைக் காரணிகள் மூலம் தீர்த்தல். "அதப் படமெடுத்து அனுப்பு மச்சான்" என்றான். அனுப்பினேன். நாற்பத்துமூன்று பக்கங்களையும் அனுப்ப அந்த இரவு முழுவதும் ஆனது.

மறுநாள் அவனுடைய குரற்பதிவு வந்திருந்தது. பின்னால் பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது. "மூண்டாவது வரியில நடு உறுப்ப ஏன்டா ரெண்டாப் பிரிச்சிருக்கிற? அது விளங்கயில்ல" என்றான். எழுதியவர் கையொப்பத்தைப் பார்த்தேன், என்னுடையது. வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, முதல்வரியிலிருந்து எழுதத் தொடங்கினேன்.